பினாங்கு சுவர் ஓவியம் பாக்கப் போறீங்களா? அம்மாவோட ரெண்டு நாள் நடந்து பாத்துட்டு எழுதுறேன்

போன ஸ்கூல் லீவுல அம்மாவையும் மகனையும் கூட்டிக்கிட்டு ஈப்போலேருந்து ஈடிஎஸ் ரயில்ல பட்டர்வொர்த் போயி, அங்கேருந்து ஃபெர்ரி ஏறி பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுன் போயிட்டு வந்தோம். ரெண்டு நாள் இருந்தோம், ரெண்டு நாளும் சுவர் ஓவியம் பாக்கிறதுதான் வேலை. இதைப் பத்தி எழுதுறவங்க முக்காவாசிப் பேரு எந்த இடத்துல போட்டோ நல்லா விழும்னு மட்டும் எழுதிட்டுப் போயிடுறாங்க. வயசான அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனா நடக்க முடியுமா, பிள்ளைக்குப் பிடிக்குமா, ஓவியம்லாம் இப்ப எந்த நிலைமைல இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், கண்டிப்பா போங்க. ஆனா லிஸ்ட் வெச்சு டிக் அடிச்சுக்கிட்டே ஓடினீங்கன்னா அரை நாள்ல முடிஞ்சிடும், ஒண்ணும் மனசுல நிக்காது. ஏழெட்டு ஓவியம் மட்டும் எடுத்துக்குங்க, ஒவ்வொண்ணுகிட்டயும் கால் மணி நேரம் நில்லுங்க.

கொஞ்சம் முன்கதை சொல்லிடுறேன். இப்ப பினாங்குன்னாலே சுவர் ஓவியம்னு ஆயிடுச்சில்ல, அது ஒண்ணும் ரொம்பப் பழைய கதை இல்ல. 2008 ஜூலைலதான் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. அடுத்த வருஷம் மாநில அரசாங்கம் ஒரு போட்டி வெச்சாங்க, அதுலேருந்து வந்ததுதான் தெரு மூலைக்கு மூலை தொங்குற இரும்புக் கம்பிக் கார்ட்டூனுங்க. அப்புறம் 2012ல ஜார்ஜ் டவுன் ஃபெஸ்டிவலுக்காக எர்னஸ்ட் சகாரெவிச்ங்கிற லித்துவேனியாக்கார ஓவியர்கிட்ட கொஞ்சம் சுவரைக் குடுத்தாங்க. பினாங்குலயே வந்து தங்கியிருந்தவரு, அப்ப அவருக்கு வயசு இருபத்தஞ்சு இருபத்தாறுதான் இருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களை போட்டோ எடுத்து அதைப் பாத்து சுவர்ல வரைஞ்சாரு, அந்த வரிசைக்கு மிரர்ஸ் ஜார்ஜ் டவுன்னு பேரு வெச்சாங்க. ஆறேழு சுவர்தான். அந்த ஆறேழு சுவர் ஒரு ஊரையே மாத்திடுச்சு, நம்ப கஷ்டமா இருக்கும், ஆனா நேர்ல போயி நின்னா ஏன்னு புரியும்.

முதல் நாள் காலைல ஏழரைக்கெல்லாம் ஆர்மேனியன் ஸ்திரீட் போயிட்டோம், பசியாறக்கூட இல்ல. இதுதான் இந்தப் பயணத்துல நான் செஞ்ச புத்திசாலித்தனமான காரியம். சைக்கிள்ல போற அக்கா தம்பி ஓவியம் இருக்கில்ல, டி-ஷர்ட்டுல காந்த ஸ்டிக்கர்ல எல்லாம் பாத்திருப்பீங்களே, அது முன்னால ஒரு ஆள் இல்ல. கிட்டப் போனோம். சைக்கிள் நிஜ சைக்கிள், கறுப்புப் பழைய சைக்கிள், சுவரோட சேத்து இறுக்கியிருக்காங்க. அக்கா ஓட்டுறா, தம்பி பின்னால உக்காந்து அவளைக் கட்டிப் பிடிச்சிருக்கான், வாயை அவ்வளவு பெருசா தொறந்திருக்கான், கத்துறானா சிரிக்கிறானான்னு தெரியல, அந்த வயசுல ரெண்டும் ஒண்ணுதானே. அக்காவோட கை பெயிண்டு, ஹேண்டில் இரும்பு, ரெண்டும் சேர்ற இடத்துல கண்ணு ஏமாந்துடுது, எது எங்க முடியுதுன்னு தேட வேண்டியிருக்கு. சுவர்லயே பழைய பூச்சு உதிர்ந்த இடங்கள் இருக்கு, அழுக்கு இருக்கு, அந்த அழுக்கெல்லாம் அந்தப் பிள்ளைங்க போற தெருவோட புழுதி மாதிரி ஆயிடுச்சு. வெயில் ஏற ஏற சைக்கிளோட நிழல் சுவர்ல கொஞ்சம் கொஞ்சமா நகருது, பிள்ளைங்க மட்டும் அப்படியே இருக்காங்க. இதை போட்டோல பாக்கவே முடியாது, நின்னாத்தான் தெரியும்.

அம்மா ரொம்ப நேரம் பேசாம நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க, "இப்படித்தான்டா ஐயா, பிள்ளைங்க போவாங்க, லாரி வந்தாக்கூட ஒதுங்க மாட்டாங்க"ன்னு என் மகன்கிட்ட. அம்மா பொறந்து வளந்ததே ஜார்ஜ் டவுன்தான், அதைப் பின்னால சொல்றேன்.

எட்டரைக்கு வேன் வேனா ஆளு வர ஆரம்பிச்சாங்க. ஒன்பதரைக்கு வரிசை வெச்சுட்டாங்க. ஒரு குடும்பம் போனா பின்னால இருக்கிற சீட்டுல உக்கார முடியுமான்னு பாக்குறது, சக்கரத்துல கால் வைக்கிறது, பிள்ளையைத் தூக்கி மேல வைக்கிறது, எனக்கு வயிறு எரிஞ்சுது. ஓவியத்துல ஆளுங்க கை படுற உயரத்துல பெயிண்ட் வெளுத்திருக்கிறதைப் பாத்தாலே தெரியும், எத்தனை வருஷமா எத்தனை கை பட்டிருக்குன்னு. தயவுசெஞ்சு தொடாதீங்க. பக்கத்துல நின்னு எடுத்தா போட்டோ விழாதா என்ன.

அங்கேருந்து ரொம்பப் பக்கம் ஆ குவீ ஸ்திரீட். அங்க ஒரு பழைய மோட்டார் சைக்கிள், நிஜ மோட்டார் சைக்கிள், அதுல ஒரு பையன் உக்காந்து திரும்பிப் பாக்குறான். எனக்கு சைக்கிளைவிட இதுதான் ரொம்பப் பிடிச்சது. என்னன்னா அந்தப் பையன் பாக்குற பார்வை, யாரோ கூப்பிட்டதுக்குத் திரும்பின மாதிரி இருக்கு, நாமதான் கூப்பிட்டோம்ங்கிற மாதிரி இருக்கு. அந்தச் சுவர்ல இருக்கிற பழைய கதவும் ஜன்னலும் சேந்துதான் அது ஒரு வீட்டு வாசலா ஆகுது, அதை எடுத்துட்டா வெறும் பையன் வண்டில உக்காந்திருக்கான், அவ்வளவுதான். பக்கத்துலயே ஒரு சின்னப் பையன் டைனோசரைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு, டைனோசர் மட்டும் பிள்ளைங்க கிறுக்கின மாதிரி கோடா இருக்கும். என் மகனுக்கு எட்டு வயசு, ரெண்டு நாள்ல அவன் சொந்தமா ரசிச்சது அதைத்தான், மத்ததெல்லாம் நான் சொல்லிப் பாத்தது.

அடுத்து மந்திரி ஸ்திரீட் நீலச் சட்டைப் பொண்ணு, குங்ஃபூ கேர்ள்னு எல்லாரும் சொல்றாங்க. பெரிய சுவர், ரெண்டு ஜன்னல், அந்த ரெண்டு ஜன்னல் மேலயும் துருத்திக்கிட்டிருக்கிற இடத்துல ரெண்டு கையையும் ஊன்றிக்கிட்டு சுவரை ஏறப் போற மாதிரி நிக்கிறா. யோசிச்சுப் பாருங்க, அந்த ஜன்னலுங்க எத்தனையோ வருஷமா அங்கதான் இருந்திருக்கு, எத்தனை பேரு அந்தத் தெருவுல நடந்திருப்பாங்க, அது ஒரு பிள்ளை தொங்குறதுக்கான பிடிமானம்னு ஒரு ஆளுக்குத்தான் தோணியிருக்கு. கேனன் ஸ்திரீட்ல நாற்காலி மேல ஏறி எட்டிப் பிடிக்கப் பாக்குற பையனும் அப்படித்தான், சுவர்ல இருக்கிற ஓட்டையைப் பாத்துட்டு அதுலேருந்து படத்தை யோசிச்சிருக்காரு. பாதி வேலை சுவர் செஞ்சிருக்கு, மீதி அவரு செஞ்சிருக்காரு. ஜாலான் பினாங்ல ட்ரைஷா, அதான் மூணு சக்கர சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுறவர் ஒருத்தர் சவாரிக்குக் காத்திருக்கிற பெரிய ஓவியமும் இவரோடதுதான், அது அளவுல பெருசு, நல்லாத்தான் இருக்கு, ஆனா ரோடு பரபரப்பா இருக்கும், நின்னு பாக்க வசதி இல்ல.

நடுவுல சைக்கிள் வாடகைக்கு எடுத்த கதையைச் சொல்லியே ஆகணும், ஏன்னா நிறைய பேரு அதைத்தான் சிபாரிசு பண்றாங்க. அம்மாவை நாசி கண்டார் கடைல உக்கார வெச்சுட்டு நானும் மகனும் ஒரு கடைல ரெண்டு சைக்கிள் எடுத்தோம், கடை பேரு வேணாம். என் சைக்கிள்ல முன் பிரேக் சுத்தமா பிடிக்கல, மகனோட சைக்கிள்ல செயின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழண்டுச்சு, கை முழுக்க கிரீஸ். திருப்பிக் கொண்டு போயி சொன்னா "மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது"ன்னு பதில் சொல்றாங்க. சின்னப் பையன் ஓட்டுற வண்டிக்கு இப்படியா பதில் சொல்றது? ஜார்ஜ் டவுன் தெருவெல்லாம் குறுகல், ஒரு பக்கம் கார் நிறுத்தியிருப்பாங்க, மோட்டார் சைக்கிள் குறுக்க வரும், பிரேக் இல்லாம ஓட்டுறதெல்லாம் விளையாட்டு இல்ல. எடுக்கிறதுக்கு முன்னால அங்கேயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடுங்க. என்னைக் கேட்டா சைக்கிளே வேணாம், ஆர்மேனியன் ஸ்திரீட், ஆ குவீ, கேனன் மூணும் நடந்து போற தூரம்தான்.

இரும்புக் கம்பிச் சித்திரங்களை யாரும் மதிக்கிறதே இல்ல, எல்லாரும் ஓவியத்துக்கு ஓடிடுறாங்க. ஆனா எனக்கு அது ரொம்ப முக்கியமாப் படுது. மொத்தம் 52 இருக்கு. ஒவ்வொண்ணும் அது தொங்குற தெருவோட கதையை கேலியா ரெண்டு வரில சொல்லும், எந்தத் தொழில் நடந்துச்சு, தெருவுக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு. செருப்பு டிசைனர் ஜிம்மி சூ தொழில் கத்துக்கிட்ட இடத்துல அவரைப் பத்தி ஒண்ணு இருக்கு, என் மகன் அதைப் படிச்சுட்டு செருப்பு தைக்கவும் படிக்கணுமான்னு கேட்டான், ஆமாடா எல்லாத்துக்கும் படிக்கணும்னு சொன்னேன். இதெல்லாம் ஓவியங்களுக்கு முன்னாலயே வந்தது. அதாவது தெருவைப் பத்தி தெருவுலயே சொல்லணும்ங்கிற யோசனை ஊருக்கு ஏற்கெனவே இருந்துச்சு, சகாரெவிச் வந்து அதுக்கு முகம் குடுத்தாரு. அவரை மட்டும் பேசிட்டு இதை விட்டா நியாயம் இல்ல.

சரி, அவருக்கு அப்புறம் என்னாச்சு? ஊரே வரைய ஆரம்பிச்சிடுச்சு. 2013ல தெரு விலங்குகளுக்காகக் குரல் குடுக்கிற ஓவியர்கள் கூட்டம் ஒண்ணு 101 லாஸ்ட் கிட்டன்ஸ்னு பூனைங்களா வரைஞ்சாங்க, அது விளையாட்டுக்கு வரைஞ்சது இல்ல, தெருவுல கிடக்கிற பூனை நாய்க்கு இரக்கம் காட்டுங்கன்னு சொல்றதுக்கு. லூயிஸ் கான்ங்கிற பினாங்குக்காரர் வரைஞ்ச அண்ணன் தங்கச்சி ஊஞ்சல் இருக்கு, நிஜ ஊஞ்சல் பலகை, நாமளும் பக்கத்துல உக்காந்துக்கலாம். கூடைப்பந்து விளையாடுற பிள்ளைங்களும் அவரு வரைஞ்சதுதான். சைக்கிளைப் பாத்துட்டு வந்த யோசனைதான்னு தெரியும், ஆனா அவரு பிள்ளைங்க முகத்துல இருக்கிற சந்தோஷம் வேற மாதிரி, வெள்ளந்தியா இருக்கு. ஊஞ்சல்கிட்ட நிக்கிற எல்லாரும் சிரிச்சாங்க, வரிசைல நிக்கிறவங்ககூட.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க கண்டிப்பா பாக்க வேண்டியது. சூலியா ஸ்திரீட் பக்கத்துச் சந்துல ஜூலியா வோல்ச்கோவாங்கிற ரஷ்யாக்காரம்மா வரைஞ்ச இந்தியப் படகுக்காரர். சூலியான்னாலே நம்ம கடற்கரைத் தமிழ் முஸ்லிம்களைச் சொல்ற பேருதான், இந்தத் துறைமுகத்துல சரக்கு ஏத்தினது இறக்கினது படகு ஓட்டினது எல்லாம் நம்ம ஜனங்க, குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833லயே அங்க இருக்குன்னா எதுக்கு, வேலைக்கு வந்த ஆளுங்க கும்பிடத்தானே. அந்தப் பெரியவர் படகுல இருக்காரு. ஆளு நல்லா பெருசா இருக்காரு, சந்துல நுழைஞ்சதும் எதிர்ல நிக்கிறாரு. கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு பொரிஞ்சு வந்திருக்கு. எங்க தாத்தா துறைமுகத்துல வேலை செஞ்சவரு, நான் பாத்ததே இல்ல, அவரோட ஒரே ஒரு போட்டோதான் வீட்டுல இருக்கு, அதுவும் செல்லரிச்சது. அம்மா அந்தச் சுவர்கிட்ட போயி "தோள்பட்டை இப்படித்தான் இருக்கும்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எங்கேயோ ரஷ்யாவுலேருந்து வந்த ஒரு பொண்ணு வரைஞ்சது, எங்க தாத்தா தோளை எங்க அம்மாவுக்குக் காட்டிடுச்சு. இதுக்காகவே நான் இன்னொரு தடவை டிக்கெட் எடுப்பேன்.

ஆனா எல்லாமே இப்படி இல்ல, மறைக்காம சொல்லணும். கடைக்குக் கடை வியாபாரத்துக்காக வரைஞ்ச சுவருங்க இருக்கு, ஒரு குடையை ஒட்டி வைக்கிறது, ஒரு பக்கெட்டை ஒட்டி வைக்கிறது, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கோன்னு. சகாரெவிச்கிட்டேருந்து பொருளை ஒட்டுற வித்தையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. சுவரைப் பாத்து அதுல என்ன இருக்கு, இந்தத் தெருவுல யாரு இருந்தாங்கன்னு யோசிக்கிறதை எடுத்துக்கல. அதான் அந்தப் படங்களை அங்கேருந்து பேத்து எடுத்து வேற எந்த ஊர்ல வெச்சாலும் வித்தியாசம் தெரியாது. நம்ம ஈப்போலயும் 2014ல ஓல்ட் டவுன் ஒயிட் காபி கம்பெனி ஏற்பாட்டுல அவரே வந்து வரைஞ்சாரு, பாடாங் திடலுக்கு எதிர்ல காபி குடிக்கிற பெரியவரைப் பாக்காத ஈப்போக்காரன் இருக்க மாட்டான். அதே வருஷம் கூச்சிங்ல ஓராங் ஊத்தான் வரைஞ்சாரு. அதுக்கப்புறம் இந்த நாட்டுல சின்னச் சின்ன டவுன்லகூட சந்து ஒண்ணைப் பிடிச்சு மியூரல் தெரு, அதாவது சுவர் ஓவியத் தெருன்னு ஆக்கிட்டாங்க. சிலது நல்லா இருக்கு. நிறையது அவசரத்துல அடிச்சது, ரெண்டு மழைக்கு வெளுத்துப் போயி நிக்குது.

அவரு எல்லா ஊர்லயும் அழகா பிள்ளைங்களைத்தான் வரைஞ்சாருன்னு நினைக்காதீங்க. 2013ல ஜொகூர் பாருல ஒரு கட்டட முனைல, ஒரு பக்கம் லீகோ பொம்மைப் பொண்ணு கைப்பையோட நடந்து வருது, முனைக்கு அந்தப் பக்கம் கத்தியோட ஒரு லீகோ திருடன் நிக்கிறான். அந்த ஊர்ல வழிப்பறி பயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சில நாள்லயே மாநகராட்சி வெள்ளையடிச்சு அழிச்சிட்டாங்க. ஒரு ஊர் சைக்கிளுக்கு வரிசைல நிக்கவைக்குது, ஒரு ஊர் பொம்மைக்குப் பயந்து சுண்ணாம்பு பூசுது, ரெண்டும் ஒரே கை வரைஞ்சது. அழிச்சது தப்புன்னுதான் நான் சொல்வேன். தெருவுல இருக்கிற பயத்தைத் தெருவுல வரையாம வேற எங்க வரையிறது?

இப்ப அம்மா வீட்டுக் கதை. சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால ஒரு சந்துல கீழ கடை, மேல ரெண்டு குடும்பம், அப்படி ஒரு வீட்டுல வாடகைக்கு இருந்தாங்க. 1948க்கு முன்னால கட்டின வீடுகளுக்கு 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால வாடகை ரொம்பக் கம்மி. அந்தச் சட்டத்தை 1997ல எடுத்தாங்க, 2000ல எல்லாம் முடிஞ்சு போச்சு. வாடகை எகிறிடுச்சு, பாட்டி மூட்டையைக் கட்டிக்கிட்டு பட்டர்வொர்த்ல மாமா ஃபிளாட்டுக்குப் போயிட்டாங்க. அந்தத் தெருவுல பாதி வீடு அப்படித்தான் காலியாச்சுன்னு அம்மா சொல்வாங்க. அப்புறம் யுனெஸ்கோ வந்துச்சு, ஓவியம் வந்துச்சு, ஹோட்டல் வந்துச்சு, காபி கடை வந்துச்சு. பாட்டி இருந்த வீடு இப்ப தங்குற விடுதி. வாசல்ல நின்னு பாத்தோம், உள்ள விடுவாங்களான்னு கேக்க அம்மாவுக்குக் கூச்சம். அஞ்சடில, அதான் கடை முன்னால இருக்கிற நடைபாதைல, அதே பழைய டைல்ஸ், பூப் போட்டது, அம்மா குனிஞ்சு ஒண்ணைத் தேடினாங்க, மூலைல உடைஞ்சது, அதுல தடுக்கி விழுந்துதான் சின்ன வயசுல பல்லு போச்சாம். அது இருந்துச்சு.

இதை ஏன் ஒரு ரிவ்யூல எழுதுறேன்னு கேப்பீங்க. ரெண்டு நாள் சுத்தினோம், சுவர் பூரா பிள்ளைங்க, சைக்கிள்ல, மோட்டார் சைக்கிள்ல, நாற்காலி மேல, ஊஞ்சல்ல. தெருவுல விளையாடுற பிள்ளையை நான் எண்ணிப் பாத்தா கைவிரல்ல அடங்கிடும். குடும்பங்க போயிட்டா பிள்ளைங்க எங்கேருந்து வருவாங்க. ஓவியர் மேல இதுக்குப் பழி போட முடியாது, வீடு காலியானது அவரு தூரிகையை எடுக்கிறதுக்கு முன்னாலயே. ஆனா அந்த ஓவியங்களைப் பாக்க வந்த கூட்டத்தாலயும் அங்க வாடகை இன்னும் ஏறுச்சுங்கிறதும் உண்மை. ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க, அந்த மோட்டார் சைக்கிள் பையன் திரும்பிப் பாக்குறது வேற மாதிரி தெரியும்.

சியூ ஜெட்டிக்கும் போனோம். கடல் மேல மரக்கால் ஊன்றிக் கட்டின வீடுங்க, இன்னும் குடும்பமா இருக்காங்க. அங்க படகுல போற பிள்ளைங்க ஓவியம் ஒண்ணு இருந்துச்சு, அதைத் தேடிக்கிட்டுப் போகாதீங்க, உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் வெளிறிப் போயி கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. எனக்கு அது குறையாத் தெரியல. தெருச் சுவர் ஓவியத்துக்கு ஆயுசு கம்மி, அது தெரிஞ்சுதான் வரையிறாங்க. பழைய கடை வீட்டுச் சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், தரைலேருந்து ஈரத்தை இழுத்து வெளில விடுற சுவர், அது மேல இந்தக் காலத்து பெயிண்ட்டை மூடி அடிச்சா ஈரம் வெளில போக வழியில்லாம உள்ளேயிருந்து தள்ளும், பெயிண்ட் கொப்புளிச்சு உரியும், கூடவே சுண்ணாம்பையும் பேத்துக்கிட்டு வரும். அதனாலதான் பாரம்பரியக் கட்டடங்களைப் பாத்துக்கிறவங்க கண்ட சுவர்லயும் வரையாதீங்கன்னு சொல்றாங்க, அவங்க சொல்றது சும்மா இல்ல. ஜெட்டில ஒரு விஷயம், அது மக்கள் வீடு, ஜன்னல் வழியா எட்டிப் பாக்காதீங்க, சத்தம் போடாதீங்க. எங்க முன்னால போன ஒரு கூட்டம் சமையல் பண்ணிக்கிட்டிருந்த அம்மாவை போன்ல படம் எடுத்தாங்க, அவங்க கதவைச் சாத்திட்டாங்க.

ரெண்டாவது நாள் ஞாயித்துக்கிழமை, ஹின் பஸ் டிப்போ போனோம், ஜாலான் குருத்வாராவுல இருக்கு. 1947ல கட்டின பஸ் கம்பெனி கட்டடம், பாழடைஞ்சு கிடந்தது, 2014 ஜனவரில சகாரெவிச் தன்னோட முதல் தனிக் கண்காட்சியை அங்கதான் வெச்சாரு, அதுக்கப்புறம் அது கலைஞர்களுக்கான இடமாவே ஆயிடுச்சு. கூரை இல்லாத பெரிய வெளி, புல்லு, நாலு பக்கமும் சுவர்ல ஓவியம், ஞாயித்துக்கிழமைல சந்தை போடுறாங்க, சோப்பு, மண் பாத்திரம், துணி, கையால செஞ்ச சாமானுங்க. அந்த ஆளு ஊருக்குக் குடுத்ததுல பெரிய சொத்து எதுன்னு கேட்டா சைக்கிளை விட இந்த இடத்தைத்தான் சொல்வேன். சைக்கிள் என்னைக்காவது உதிர்ந்துடும். இங்க உள்ளூர்ப் பிள்ளைங்க வந்து வரையிறாங்க, விக்கிறாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக் கத்துக்கிறாங்க. என் மகன் ஒரு ஸ்டால்ல ஒரு அக்கா ஸ்க்ரீன் பிரிண்ட் அடிக்கிறதை முக்கால் மணி நேரம் பாத்துக்கிட்டு நின்னான், அந்தப் பொண்ணும் சலிச்சுக்காம மை தடவ விட்டுச்சு. காசு ஒண்ணும் கேக்கல.

வயசானவங்களைக் கூட்டிக்கிட்டுப் போறவங்களுக்குச் சில விஷயம். காலைல ஏழரைலேருந்து பத்து வரை, அப்புறம் சாயங்காலம் அஞ்சுக்கு மேல, நடுவுல வெளில வராதீங்க, வெயில் கொளுத்தும். அஞ்சடில நடந்தா நிழல் இருக்கும்னு நினைச்சுப் போனேன், ஆனா கடைக்குக் கடை உயரம் மாறுது, படி ஏறி இறங்கி அம்மாவுக்கு முட்டி வலி வந்துடுச்சு, சில கடைக்காரங்க சாமானைப் பரப்பி வழியையே அடைச்சிருக்காங்க, அப்ப ரோட்டுல இறங்கித்தான் போகணும். வீல்சேர்ன்னா யாராவது ஒருத்தர் கூடவே இருக்கணும். உக்கார இடம் கம்மி. இலவச கேட் (CAT) பஸ் ஓடுது, கால் வலிச்சா அதுல ஏறிடுங்க. ஓவியம் பாக்க டிக்கெட் கிடையாது, வரைபடம் வாங்கிக்கிட்டா போதும், ஆனா அதுல போட்டிருக்கிற எல்லாமே இன்னும் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க, மூணு இடத்துல வெறும் சுவரைப் பாத்துட்டுத் திரும்பினோம். சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்ல. அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா நாலரை குடுப்பேன், அரை மார்க்கு அந்தக் கூட்டம் ஓவியத்தை நடத்துற விதத்துக்கும் பிரேக் இல்லாத சைக்கிளுக்கும் சேத்துக் குறைச்சது.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கும் காலைல ஆர்மேனியன் ஸ்திரீட் போனோம், அம்மாதான் இன்னொரு தடவை பாக்கணும்னாங்க. ராத்திரி மழை பேஞ்சு சுவர் நனைஞ்சு கறுத்திருந்துச்சு, பிள்ளைங்க முகம் மட்டும் பளிச்சுன்னு. ஒரு சீனப் பெரியவர் சைக்கிள்ல வந்தாரு, தன்னோட சைக்கிளை ஓவியத்துச் சைக்கிளுக்குக் கொஞ்சம் தள்ளி அதே சுவர்ல சாய்ச்சு வெச்சாரு, துடைப்பத்தை எடுத்தாரு. அம்மா அவருகிட்ட ஹொக்கியன் சீனத்துல பேசினாங்க, நாப்பது அம்பது வருஷம் கழிச்சும் மறக்கல. எந்த வீட்டுப் பொண்ணுன்னு அவரு கேட்டாரு, அம்மா அந்தச் சந்து பக்கம் கை காட்டிச் சொன்னாங்க. அவரு தலையை ஆட்டிட்டு, வேன் வர்றதுக்குள்ள தூத்து முடிக்கணும்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாரு.